வாளித் தண்ணீர் குடித்த கார்

சகலை தர வேண்டிய பாக்கி எண்பத்தேழாயிரத்து முந்நூறு. எண்பத்தேழாயிரம் கார் வாங்கக் கைமாற்றாகக் கொடுத்தது. மீதி முந்நூறு, அந்தக் கைமாற்றைக் கேட்க அவர் வாடகைக் காரில் வந்து இறங்கி, "சில்லறை இல்லையே" என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றபோது, டைல்ஸ்காரர் ஓடிப்போய்க் கொடுத்தது. கடன் கேட்க வந்த ஆளுக்கு வண்டி வாடகையும் கொடுத்து உள்ளே கூப்பிட்ட வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று டைல்ஸ்காரரின் மனைவி சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

அக்காளைக் கட்டியவர் சகலை, தங்கையைக் கட்டியவர் டைல்ஸ்காரர். சகலைக்கு ஒரு பெரிய சோபாக் கடையில் விற்பனை வேலை. கால் வலிக்கிறதே என்று சும்மா உட்கார வந்தவன் தலையிலும் மூன்று பேர் சோபாவைக் கட்டி அனுப்பிவிடுகிற வாய். டைல்ஸ்காரருக்கு வாயைவிட முழங்கால்தான் அதிகம் பேசும். உட்கார்ந்தால் ஒரு சொடக்கு, எழுந்தால் இரண்டு. காலமெல்லாம் தரையில் மண்டியிட்டுக் கல் பதித்ததில் மிச்சமானது அந்தச் சத்தம்தான்.

உறவில் கொடுத்த பணம் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. டைல்ஸ்காரரும் கேட்காமல்தான் இருந்தார். ஆனால் இப்போது ஊருக்கு வெளியே ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குத் தரை போடும் வேலை அவர் பெயருக்கே வந்திருந்தது. இத்தனை காலம் வேறு யாரோ வேலையைப் பேசி எடுப்பார்கள், இவர் மண்டியிடுவார். இதுதான் முதல்முறை இவர் பேசி எடுத்தது. ஆளையும் சாமானையும் தினம் ஏற்றிக்கொண்டு போக வண்டி இருந்தால்தான் அந்த வேலை கட்டுப்படியாகும். வாடகை வண்டி வைத்தால் வருகிற லாபம் வண்டிக்காரனோடு போய்விடும். பழைய சரக்கு வண்டி ஒன்றை அவர் பார்த்தும் வைத்திருந்தார். அதற்கான பணம்தான் சகலையிடம் இருந்தது. இருந்தது என்ன, போயிருந்தது.

வாய் திறந்து கேட்டதும் சகலை கொஞ்சமும் அசரவில்லை.

"பணமா? இந்தக் காலத்துல பணத்தை யாரு சகல கையில வெச்சிருக்கா? காரையே எடுத்துக்கங்க. உங்களுக்கு வண்டி வேணும், எனக்குக் கடன் தீரணும். கணக்கு நேர்."

டைல்ஸ்காரருக்கு அது ஒரு வகையில் சரியாகத்தான் பட்டது. டிக்கி வைத்த சின்னக் கார். டிக்கியில் கல் அறுக்கும் மெஷினும் சாந்துக் கரண்டிகளும் போகும், உள்ளே ஆட்கள் போவார்கள். ஓடுகிற கார் என்றால் எண்பத்தேழாயிரத்துக்கு அது மோசமில்லை. ஓடாத கார் என்றால் வேலையும் போச்சு, பணமும் போச்சு. இதை அவர் மனைவியிடம் சொன்னபோது, அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "பாத்து எடுங்க."

பார்த்து எடுக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தன் வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலி வாளியையும் கையில் எடுத்தார்.

"ஏங்க, கார் பாக்கப் போறோமா, கக்கூஸ் தரை போடப் போறோமா?"

"எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் நான் பாக்க முடியும்" என்றார்.

சகலை குடியிருந்தது ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில். கார் வாசலுக்கு எதிரே நின்றது. வெள்ளி நிறம். காலையிலேயே கழுவி, துடைத்து, கண்ணாடியில் ஒரு எலுமிச்சை வாசனை அட்டையும் தொங்கவிட்டிருந்தார் சகலை. கடையில் சோபாவைக் காட்டுவது போலவே ஒரு கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க, காசா பணமா" என்றார்.

டைல்ஸ்காரர் பையிலிருந்து மரச் சுத்தியலை எடுத்து, அதன் பிடியால் கதவைத் தட்டினார். பதித்த கல்லைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கெட்டியாகப் பிடித்த கல் ஒரு மாதிரி பேசும், அடியில் காற்று நிற்கிற கல் டொங்கு டொங்கு என்று பேசும். காரில் எங்கே தட்டினாலும் டொங்கு டொங்கு என்றது.

"எல்லா இடமும் பொள்ளலா இருக்கே சகல."

"காருன்னா உள்ள ஆளு உக்காரணும்ல? பொள்ளலாத்தானே இருக்கும்!"

அதுவும் நியாயம்தான். டைல்ஸ்காரர் சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு ரசமட்டத்தை எடுத்து முன்மூடியின்மேல் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக இடது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "வண்டி சாயுது" என்றார் முகத்தைச் சுளித்து. சகலை குனிந்து பார்த்தார். "தரைதான் சகல சாயுது." ரசமட்டத்தைத் தரையில் வைத்ததும் குமிழி அங்கேயும் அதே ஓரத்துக்கு ஓடியது. அதன்பிறகு சிறிது நேரம் டைல்ஸ்காரர் காரை மறந்துவிட்டார். இப்படிச் சாய்வாகத் தரை போட்டுவிட்டுக் கூலி வாங்கிப் போனவன் யார், அவனுக்குக் கண் இருந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்தார். மனைவிதான் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

அவளுக்கு ரசமட்டம் தேவைப்படவில்லை. ஒரு மருத்துவமனைச் சமையலறையில் மளிகைக் கணக்குப் பார்ப்பவள் அவள்.

"மாமா, இது மாசம் எவ்வளவு தின்னும்?"

"தின்னுமா?"

"வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வருதுன்னா, என்ன சாப்பிடும், என்ன மாத்திரை போடும்னு கேட்டுத்தானே சேத்துக்கணும்?"

சகலை சிரித்தார். "லிட்டருக்குப் பதினெட்டு ஓடும்மா. சின்ன வயிறு."

வாசற்படியில் டம்ளர்களோடு வந்து நின்ற அக்கா, "என்னைக்கு ஓடுச்சு?" என்றாள். "போன மாசம் பன்னெண்டுக்கு மேல தாண்டலைன்னு நீங்கதானே தலையில கைய வெச்சீங்க?"

"அது ஏசி போட்டதுனால."

"ஏசிதான் வேலையே செய்யலையே!"

"இந்தா, டீயைக் குடுத்தியா, உள்ள போனியான்னு இரு" என்றார் சகலை. அக்கா போகவில்லை. நல்ல இடமாகப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

டைல்ஸ்காரர் டயரைத் தடவிப் பார்த்தார். "வழுவழுன்னு இருக்கே. நான் போடுற கல்லே இதைவிடச் சொரசொரப்பா இருக்கும்."

"ரோடு சொரசொரப்பா இருக்கறப்ப டயர் எதுக்கு சகல சொரசொரப்பா இருக்கணும்?"

"பாட்டரி?" என்றாள் தங்கை.

"காலைல ஒரு தடவை யோசிக்கும். அப்புறம் எடுத்துரும். நம்மளே எழுந்ததும் ஓடிடறமா?"

"இன்சூரன்ஸ்?"

"இருக்கு... அடுத்த மாசம் வரைக்கும்."

"டயர் நாலு, பாட்டரி ஒண்ணு, இன்சூரன்ஸ் ஒண்ணு, பெட்ரோல் தினம்" என்று அவள் விரல்களை மடக்கினாள். ஒரு கை போதவில்லை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

"தானம் குடுத்த மாட்ட பல்லைப் புடிச்சுப் பாக்கறியேம்மா!"

"தானமா? எண்பத்தேழாயிரத்து முந்நூறு, மாமா."

அந்த முந்நூறைக் கேட்டதும் சகலை சட்டென்று சாவியை எடுத்து, "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுவோம், வாங்க" என்று டைல்ஸ்காரரை உள்ளே தள்ளினார்.

கார் ஓடியது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே ஓடியது. தெருமுனை வரை போய், சந்தில் திரும்பி, மேட்டில் ஏறி, மூச்சு வாங்காமல் திரும்பி வந்தது. எல்லாவற்றையும்விட, டைல்ஸ்காரர் உட்கார்ந்தபோது முழங்கால் சொடுக்கவில்லை. கால் நீட்ட இடம் இருந்தது. முதுகுக்கு மெத்தென்று இருந்தது. வேலை முடிந்து, சிமெண்ட் படிந்த உடம்போடு, இப்படிச் சாய்ந்துகொண்டே வீட்டுக்கு வருவதை அவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். சரக்கு வண்டியின் பலகை சீட் கண்முன்னால் வந்து போனது.

"என்ன சகல, சத்தத்தையே காணோம்?" என்றார் சகலை. சோபாக் கடையில் ஆள் விழுந்துவிட்டதை உட்காரும் விதத்திலேயே கண்டுபிடிப்பவர் அவர். "உள்ள போய் வண்டிப் பேப்பரை எடுத்துட்டு வர்றேன். கைமாத்தி விட்டுருவோம்." சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் துள்ளிப்போனார்.

டைல்ஸ்காரருக்கு ஒரு சோதனை பாக்கி இருந்தது. குளியலறைத் தரை எதை முடித்தாலும் கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை அதில் கவிழ்ப்பார். எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, கீழ்வீட்டுக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்த பிறகுதான் கூலிக்குக் கை நீட்டுவார். பழைய கார் என்றால் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். ஓட்டை இருந்தால் ஒழுகும். ஒழுகினால் தெரியும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாசல் குழாயில் வாளியை நிரப்பினார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். கால் வைக்கிற இடத்தில் பாதி, பின்சீட்டுக்குக் கீழே பாதி என்று நியாயமாகப் பங்கு போட்டு ஊற்றிவிட்டு, குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. "நல்ல தரை!" என்றார் மகிழ்ச்சியோடு.

அப்போதுதான் கார் பேச ஆரம்பித்தது. முதலில் நான்கு கதவுப் பூட்டுகளும் டக் டக்கென்று ஏறி இறங்கின. பிறகு வைப்பர், மழையே இல்லாத கண்ணாடியைப் பரபரவென்று துடைத்தது. பிறகு ஹாரன் அடித்தது. அடித்தது நிற்கவே இல்லை.

சகலை கையில் பேப்பரோடு ஓடிவந்தார். "என்ன சகல பண்ணீங்க?"

"தண்ணி விட்டுப் பாத்தேன்."

"எதுக்குள்ள?"

"உள்ளதான்."

சகலையின் வாய் திறந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. தங்கை வாளியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு யாருக்கும் முகம் காட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை, பாதி முகத்தில் கோபம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற டிரைவிங் மாஸ்டர். வாரம் முழுக்கப் பழகுகிறவர்கள் அடிக்கிற ஹாரனைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காதுக்கு ஓய்வு கொடுப்பவர். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் முன்மூடியைத் திறந்து பாட்டரி ஒயரைப் பிடுங்கினார். தெருவே அமைதியானது.

"எவன் காருக்குள்ள தண்ணி ஊத்துனது?"

டைல்ஸ்காரர் வாளியைப் பின்னால் மறைத்தார். வாளி பெரிது, அவர் ஒல்லி.

"கார்ப்பெட்டைக் கழட்டிக் காயப் போடுங்க. இல்லாட்டி ஒயரெல்லாம் போயிரும்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டரே குனிந்து கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பாதி இழுத்ததும் நின்றார். நுரைக்கு வெளியே இருந்த பாதி முகம் மாறியது. "இங்க வாங்க" என்றார் சகலையைப் பார்த்து.

கார்ப்பெட்டுக்குக் கீழே தகடு முழுக்கச் செம்பழுப்பாகத் துரு. மூலை முடுக்கெல்லாம் மண், காய்ந்து பாளம் பாளமாக. இப்போது ஊற்றிய தண்ணீர் பட்டு அதில் ஒரு பகுதி மட்டும் குழைந்திருந்தது. சீட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள் தலை தெரியாமல் துருவேறியிருந்தன.

"இந்தத் தண்ணி இன்னைக்கு விழுந்தது" என்றார் மாஸ்டர். "இந்தச் சேறு உங்களுக்கு முன்னாடியே வந்தது. சீட்டு மட்டத்துக்கு முழுகிக் கிடந்த வண்டி சார் இது. எங்கேயோ வெள்ளத்துல நின்னிருக்கு. கழுவி, வாசனை அடிச்சு உங்க தலையில கட்டிட்டாங்க. இப்ப ஓடும். ஒருநாள் லைட்டு போகும், ஒருநாள் பூட்டு போகும். எதுன்னு தேடவே பாதிக் காசு போயிரும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. சகலை மெதுவாகப் போய் மனைவிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "ஒரே ஓனரு, ஒரு டாக்டரு வெச்சிருந்த வண்டின்னு சொன்னானே" என்றார். ஊருக்கெல்லாம் பேசி விற்கிறவரிடமே ஒருவன் பேசி விற்றுவிட்டுப் போயிருந்தான். அந்தத் துக்கம் காரைவிடப் பெரிது. டைல்ஸ்காரருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் சரக்கு வண்டி வராது.

மாஸ்டர் மீதி முகத்தை மழிக்க மாடிக்குப் போனதும், சகலைக்கு உயிர் வந்தது.

"சகல, இங்க வாங்க." குரலைத் தணித்தார். "எங்க கடைக் கேஷியர் ஒருத்தர் இந்தக் காரைக் கண்ணு வெச்சிருக்காரு. கைக்குழந்தை இருக்கு, பஸ்ல சிரமப்படறாரு. ஒரு லட்சம்னாலும் குடுப்பாரு. கார்ப்பெட்டைக் காயவெச்சுத் திரும்ப ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்? உங்க பணம் முழுசா உங்க கையில. நாளைக்கே."

டைல்ஸ்காரர் ஈரக் கார்ப்பெட்டைப் பார்த்தார். நாளைக்கே என்ற வார்த்தை அவர் காதில் ஹாரனைவிடச் சத்தமாக விழுந்தது. நாளைக்குப் பணம் வந்தால் சரக்கு வண்டி வரும். வேலை தொடங்கும். பார்க்காமல் இருக்க வேண்டியது ஒரு கார்ப்பெட்டைத்தான். பொள்ளல் கல்லின் ஓரத்தில் சிமெண்டைப் பூசி மூடச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒன்றிரண்டு தடவை அவரும் மூடியிருக்கிறார். அந்த வீடுகள் இருக்கிற தெருவில் இன்றைக்கும் அவர் தலையைக் குனிந்துதான் போவார்.

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டுப் போறப்ப கதவுப் பூட்டு இப்படி ஏறி இறங்குனா?" என்றாள் தங்கை.

"அப்படியெல்லாம் எப்பவும்..."

"சகல" என்றார் டைல்ஸ்காரர். "நீங்க விக்கிறதுன்னா வித்துக்கங்க. அந்த ஆளு என்கிட்ட வந்து கேட்டா நான் சொல்லிருவேன். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் நிக்காது, முழங்கால் மாதிரி சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துரும்."

"அவரு எதுக்கு உங்ககிட்ட வந்து கேக்கப்போறாரு?"

"அதுக்கு நான் இருக்கேன்" என்றாள் அக்கா படியிலிருந்து. "அந்தக் கேஷியர் பொண்டாட்டி என்கூட மார்க்கெட்டுக்கு வர்றா. தினம் அவ முகத்துல முழிக்கணும். நீங்க ஏமாந்தீங்க, சரி. இன்னொருத்தனை ஏமாத்தினா, ஏமாந்தவன்ங்கற மரியாதையும் போயிரும்."

சகலை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடுப்போடு சொன்னார்: "அப்ப நனைச்சவரே எடுத்துக்கட்டும்! கடன் தீந்துச்சு!"

"யானையைக் கட்டித் தீனி போடச் சொல்றீங்களா?" தங்கை இப்போது சிரிக்கவில்லை. "அவருக்கு அந்த வேலை போச்சுன்னா இன்னும் பத்து வருஷம் மண்டி போடணும் மாமா. அந்தக் கால் தாங்காது."

சகலை தலை குனிந்தார். தரையைப் பார்த்தார். தரை சாய்வாகவே இருந்தது.

முழு முகத்தோடு மாஸ்டர் திரும்பி வந்தபோது நான்கு பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். கார் யாருக்கு, எந்த வேலைக்கு என்று அக்கா சொல்ல, கேட்டுக்கொண்டே அவர் காரைச் சுற்றி வந்தார். இன்ஜின் ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, "விக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்க" என்றார்.

"முழுகின வண்டின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் டைல்ஸ்காரர்.

"உங்களுக்குத்தான் இது ஆகாது. ஆளையும் கல்லையும் ஏத்திக்கிட்டு தினம் அவ்வளவு தூரம் போனா, பாதி நாள் நடுரோட்டுல நிப்பீங்க. மெக்கானிக் கூலியே உங்களை முழுங்கிரும். எனக்கு அப்படியா? மைதானத்தையே சுத்திச் சுத்தி வரப்போகுது. வேகமும் போகாது, தூரமும் போகாது. நின்னா நானே குனிஞ்சு பாத்துப்பேன், கூலி இல்ல. வண்டி நின்னுபோனா என்ன பண்ணணும்னு தனியா ஒரு பாடம் நடத்துவேன். அதுக்குத் தனிக் காசு." சொல்லிவிட்டுச் சகலையைப் பார்த்தார். "எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு."

"எண்பத்தஞ்சுகூட இல்லையா மாஸ்டர்?"

"துரு, சேறு எல்லாம் பாத்தும், காஞ்ச வண்டியா இருந்தா எண்பத்து மூணரை குடுத்திருப்பேன். பூட்டுக்கும் ஒயருக்கும் புதுசா இன்னொரு அஞ்சு செலவிருக்கு. அது இன்னைக்கு ஊத்துன வாளிக்கு."

சகலை நிதானமாகத் திரும்பி டைல்ஸ்காரரைப் பார்த்தார். வாளி இப்போது மறைக்க முடியாத இடத்தில், இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. சகலை தன் வாயின் முழு பலத்தையும் காட்டினார். மாஸ்டர் காரோட்டப் பயந்தவர்களிடமே பொறுமையாக இருந்து பழகியவர், ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கடைசியில் மாடிக்குப் போய்ப் பணத்தை எடுத்துவந்து, சகலை வீட்டுக் கூடத்தில் வைத்து எண்ணிக் கொடுத்தார். சகலை வாங்கி எண்ணினார். டைல்ஸ்காரர் வாங்கி எண்ணினார். அவர் மனைவி வாங்கி எண்ணியபோதுதான் அது சரியாக வந்தது.

"இன்னும் எட்டாயிரத்து எண்ணூறு நிக்குது" என்றாள்.

அக்கா உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மூவாயிரத்து எண்ணூறைக் கொண்டுவந்து தங்கை கையில் வைத்தாள். "இவ்வளவுதான்டி இருக்கு. மிச்சம் அஞ்சாயிரத்தை மாசம் ஆயிரமா தந்துடறேன்." சகலை தலையைத் திருப்பிக்கொண்டார். "நான்தான் வாங்கினேன், நானே தருவேன்" என்றார் சுவரிடம். இப்போது அவர் குரலில் விற்பனை எதுவும் இல்லை.

டைல்ஸ்காரர் எழுந்தார். இரண்டு சொடக்கு.

"அஞ்சாயிரம் உங்க கணக்குல வராது சகல. வாளி என்னுது, ஊத்துன கை என்னுது. மாஸ்டர் அஞ்சு கழிச்சது அதுக்குத்தான். அதை நீங்க எதுக்குத் தரணும்?"

"அதெல்லாம் முடியாது. என் வீட்டு வாசல்ல நடந்தது."

"காருக்குள்ள தண்ணி ஊத்துன முட்டாள் நான்தானே?"

"அதை நான் மறுக்கல" என்றார் சகலை.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சகலையும் கடைசியில் சிரித்தார். டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். சரக்கு வண்டிக்கு இனிக் குறைகிற அந்த ஐந்தாயிரம் அவளுடைய இரண்டு வார உழைப்பு. அவள் பணக்கட்டை மடித்துப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"என்னைப் பாக்காதீங்க. ஊத்துறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்" என்றாள். பிறகு அக்காவிடம், "முடிஞ்சுதுக்கா. இனிமே ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நிஜமாவா?"

"ஒத்தக் காசு இல்ல."